வலப்பக்கக் கீறல்

சர்வேயருக்குச் சந்தேகம்தான் தொழில். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, அடி உண்மையா ஜோடனையா என்று காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பவர் அவர். "நேத்துதான் சார் இடிச்சது" என்று ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பார். இவர் குனிந்து நசுங்கலுக்குள் டார்ச் அடிப்பார். உள்ளே ஆறு மாதத் துரு காலை நீட்டிப் படுத்திருக்கும். இருபத்தாறு வருடங்களாக இதே பிழைப்பு. அலுவலகத்தில் அவருக்கு 'டார்ச்' என்றே பட்டப்பெயர். அது அவருக்கும் தெரியும். யார் வைத்தது என்பதுவரை தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அணைந்துவிடுகிற டார்ச்சும் இல்லை அது. சோப்பு சீக்கிரம் கரைந்தால் கேள்வி. கடைக்குப் போன மனைவி பத்து நிமிடம் தாமதித்தால் கேள்வி. "என்னையும் ஒரு தடவை குனிஞ்சு பார்த்துடுங்க, எங்கயாவது பழைய கீறல் இருக்கப் போகுது" என்பாள் அவள். கோபமாகச் சொல்வதில்லை. இத்தனை வருடக் குடித்தனத்தில் கோபப்பட்டு அலுத்துவிட்டது.

இப்படிப்பட்ட மனிதருக்கும் ஒரு பலவீனம் இருந்தது. மெட்டு. முன் அறையில் ஒரு கீபோர்டு வைத்திருந்தார். சொந்தமாகப் போட்ட மெட்டுகள் பதினொன்று. ஒன்றையும் யாருக்கும் முழுதாக வாசித்துக் காட்டியதில்லை. முக்கால்வாசியில் நிறுத்திவிடுவார், கேட்டவன் மீதியையும் கவ்விக்கொண்டு போய்விட்டால்? ஓய்வு பெறுவதற்குள் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பதிவு செய்துவிட வேண்டும் என்று ஆசை. ஸ்டூடியோவுக்குப் போகவும் பயம். அங்கே ஒலிப்பதிவாளர் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவருக்கும் காது இருக்கும்.

வீட்டில் ஒரு கணினி கிடந்தது. மகள் படிக்கும்போது வாங்கியது. வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது விட்டுவிட்டுப் போயிருந்தாள். கணினிக்கு இப்போது பன்னிரண்டு வயது. பொத்தானை அழுத்திவிட்டுக் குளிக்கப் போனால், தலை துவட்டிக்கொண்டு வரும்போதுதான் திரையில் ஏதோ எட்டிப் பார்க்கும். இசை மென்பொருள் எதைப் போட்டாலும், இந்தக் கணினிக்கு அது ஆகாது என்று கைவிரித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தங்கை குடும்பம் சாப்பிட வந்திருந்தது. தங்கையின் கணவர், அதாவது சர்வேயரின் சகலை, பள்ளிப் பேருந்து ஓட்டுநர். காலை ட்ரிப் ஒன்பதரைக்கு முடியும். மாலை ட்ரிப் மூன்று மணிக்கு. நடுவில் மற்ற ஓட்டுநர்கள் வண்டியிலேயே கால் நீட்டித் தூங்குவார்கள். இவர் மட்டும் எங்கிருந்தாவது பழைய கணினிகளை வாங்கி வந்து பிரித்துக் கோப்பார். கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் படித்தவரில்லை. கைப்பழக்கம்.

"அண்ணே, இதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. லினக்ஸ் போட்டா நல்லா ஓடும். பாட்டுப் பதியறதுக்கு உண்டான எல்லாமே அதுல இருக்கு."

"என்ன விலை?"

"விலையே இல்லண்ணே. எல்லாம் திறந்த மூலம்."

"மூலம் திறந்திருந்தா டாக்டர்கிட்ட இல்ல போகணும்?"

மைத்துனிக்குத் தண்ணீர் புரையேறியது. சகலையும் சிரித்தார். ஆனால் மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு கணம் கழித்துத்தான் சிரித்தார். சர்வேயர் அதைக் கவனித்து மனதில் குறித்துக்கொண்டார்.

"அந்த மூலம் இல்லண்ணே. எப்படி எழுதியிருக்காங்கன்னு யார் வேணும்னாலும் திறந்து பார்க்கலாம். திருத்தலாம். எடுத்துக்கலாம்."

"எழுதினவனுக்கு என்ன லாபம்?"

"ஆசைக்குச் செய்யறாங்க."

"ஆசைக்கு எவனாவது மாசக்கணக்கா உட்கார்ந்து எழுதி ஊருக்கே சும்மா குடுப்பானா? இங்க குடுத்துட்டு எங்கயோ எடுப்பான். சரி, போட்டுத் தர உனக்கு என்ன வேணும்?"

"ஐயோ, எனக்கு எதுவும் வேண்டாம். உங்க வீட்டுக்கு வந்து போகச் சொன்னாலே போதும்."

சர்வேயருக்கு மூக்கு வியர்த்தது. காசு கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை சகலை ஒரு பென் டிரைவும், வேறொரு செத்த கணினியிலிருந்து கழற்றிய மெமரிச் சில்லுகளும் எடுத்து வந்தார். மூடியைக் கழற்றினார். உள்ளே பஞ்சு மூட்டை மாதிரி தூசி. பழைய பல்துலக்கியால் மின்விசிறியைச் சுத்தம் செய்து, சில்லுகளைச் செருகி, லினக்ஸைப் போட்டார். சர்வேயர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விபத்து வாக்குமூலம் எழுதுகிற அதே நோட்டில், அவர் தட்டிய ஒவ்வொரு வரியையும் எழுதிக்கொண்டார். கடவுச்சொல் கேட்டபோது தகராறு வந்தது.

"கடவுச்சொல் உனக்கு எதுக்கு?"

"அது இல்லாம எதையும் நிறுவ முடியாதுண்ணே."

சர்வேயர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டி, சகலை தட்டி முடித்ததும் பிடுங்கி எட்டாகக் கிழித்தார்.

சாயங்காலத்துக்குள் அந்தக் கிழட்டுக் கணினி எழுந்து உட்கார்ந்துவிட்டது. பொத்தானை அழுத்தி முகம் கழுவி வருவதற்குள் திரை தயார். தடம் தடமாகப் பதிவு செய்கிற மென்பொருள், மத்தளத்திலிருந்து வயலின்வரை ஒலிகள், எல்லாம் உள்ளே வந்திருந்தன. கீபோர்டைச் சின்னப் பெட்டி ஒன்றின் வழியாக இணைத்தார்கள். சர்வேயர் ஒரு கட்டையை அழுத்தினார். அழுத்தி விரலை எடுத்த பிறகு ஒலி வந்தது.

"இது என்ன, நான் அழுத்தினதை யார்கிட்டயோ கேட்டுட்டு வருதா?"

"இல்லண்ணே. கணினி ஒலியை அள்ளி அள்ளி ஊத்துது. வாளியில அள்ளினா சிந்தாது, ஆனா லேட்டாகும். டம்ளர்ல அள்ளினா உடனே வரும், ஆனா பழைய மெஷின், ஓட முடியாம மூச்சு வாங்கிச் சிந்திடும். சிந்தினா டொக்கு டொக்குன்னு கேக்கும். நடுவுல ஒரு சொம்பு கண்டுபிடிக்கணும். அதுக்குக் கொஞ்ச நாள் ஆகும். நான் பகல்ல வந்து பார்த்துக்கறேன்."

பகலில் என்றால் சர்வேயர் வண்டி பார்க்கப் போயிருக்கும் நேரம்.

ஒரு வாரம் வந்தார். சொம்பு கிடைத்துவிட்டது, கட்டையை அழுத்தினால் உடனே ஒலி வந்தது, டொக்கு சத்தமும் இல்லை. வேலை முடிந்ததே என்று பார்த்தால், இரண்டாவது வாரமும் வந்தார். மூன்றாவது வாரமும் வந்தார். பத்து மணிக்கு வந்து ஒரு மணிக்குப் போகிறார் என்று மனைவி சொன்னாள்.

"என்ன பண்றான்?"

"கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருப்பார். ஃபேனை நிறுத்தச் சொல்வார். நான் மிக்ஸி போட்டா, கொஞ்சம் பொறுத்துப் போடுங்க அண்ணின்னு கேட்டுப்பார்."

"கூப்பிட்டா?"

"நாலு தடவை கூப்பிடணும். வேலை மும்முரத்துல காதுலயே வாங்க மாட்டார். பாவம், நமக்காகக் கஷ்டப்படறார்."

நமக்காகவா என்று சர்வேயர் கேட்கவில்லை. கணினியோடு கிடந்த ஹெட்போனின் வலது குமிழில் சாக்பீஸால் மெலிதாக ஒரு கோடு போட்டு வைத்தார். டயர் மாற்றுகிறவர்களைப் பிடிக்க அவர் கையாளும் வழி. மறுநாள் கோடு அழிந்திருந்தது. இடது குமிழில் பஞ்சு இழை ஒன்று ஒட்டியிருந்தது.

அந்த வாரம் சகலை, சர்வேயர் இரவில் பதிந்து வைத்திருந்த முதல் மெட்டைச் சரிசெய்து, கேட்டுப் பாருங்கள் என்று வைத்துவிட்டுப் போயிருந்தார். சர்வேயர் ஹெட்போனை மாட்டினார். வலது பக்கம் இடி இடித்தது. இடது பக்கம் கிசுகிசுத்தது. மத்தளம், வயலின், பியானோ எல்லாம் வலப்பக்கமாகச் சாய்ந்து, ஒரு பக்கம் பாரம் ஏற்றிய லாரி மாதிரி இருந்தது. வேண்டுமென்றே கெடுத்திருக்கிறான் என்று முடிவு கட்டினார். நல்ல பிரதியை எங்கோ அனுப்பிவிட்டு, நொண்டிப் பிரதியை எனக்கு வைத்திருக்கிறான்.

அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் போனார். "ஏம்மா, இந்தச் சும்மா கிடைக்கிற மென்பொருள், நம்ம மெட்டையெல்லாம் வெளியில அனுப்புமா?"

"அனுப்பினா உள்ள திறந்து பார்க்கறவங்க உடனே கண்டுபிடிச்சிடுவாங்க சார். அதுவும் போக..." அவள் கொஞ்சம் தயங்கினாள். "உங்க மெட்டை யார் சார் திருடப் போறாங்க?"

அந்தப் பெண்மீதும் அன்று அவருக்குச் சந்தேகம் வந்தது.

வீட்டுக்கு வந்து கணினியில் இருக்கிற கோப்புகளை எல்லாம் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தார். பெரிய வித்தை ஒன்றும் தேவைப்படவில்லை. சகலையிடமிருந்து எழுதிக்கொண்ட நோட்டே வழிகாட்டியது. மத்தள ஒலிகள் கிடக்கும் பெட்டிக்குள் ஒரு பெட்டி, அதற்குள் இன்னொன்று. அதன் பெயர் 'வேண்டாதது'. வேண்டாததை எவன் இத்தனை ஆழத்தில் வைப்பான்? திறந்தார். வரிசையாகக் கோப்புகள்: இ-500, இ-1000, இ-2000, இ-4000. பிறகு வ-500, வ-1000 என்று அதே வரிசை. ஒன்றைத் தட்டினார். 'ஊ' என்று ஒரே சத்தம், நின்றது. மறுபடி 'ஊ', கொஞ்சம் மெல்ல. மறுபடி, இன்னும் மெல்ல. வேறு எதுவும் இல்லை. கூடவே ஒரு பட்டியல்: தேதி, அதற்கு எதிரே எண்கள். இ-வுக்குப் பதினொன்று, பன்னிரண்டு, பதினொன்று. வ-வுக்கு நான்கு, நான்கு, மூன்று.

சர்வேயர் வெகுநேரம் யோசித்தார். இ என்றால் என்ன? வ என்றால் என்ன? சட்டென்று பொறி தட்டியது. இன்சூரன்ஸ். வண்டி.

மறுநாள் அலுவலகத்தில் அந்தப் பள்ளியின் பேருந்துக் கோப்பை எடுத்துவரச் சொன்னார். அந்தப் பள்ளி வண்டிகளுக்கு இவர்கள் கம்பெனியில்தான் காப்பீடு. பார்வையிடுவது இன்னொரு சர்வேயர். சகலை ஓட்டும் வண்டிக்குக் கடந்த எட்டு மாதத்தில் இரண்டு இழப்பீட்டுக் கோரிக்கைகள் வந்திருந்தன. ஒன்று, வலப்பக்கப் பெயின்ட் கீறல். இன்னொன்று, வலப்பக்கக் கண்ணாடி உடைந்தது. அதற்கு முன்னால் ஒன்பது வருடங்களாக அந்த ஓட்டுநர் பெயரில் ஒரு கீறல்கூட இல்லை. ஒன்பது வருடம் சும்மா இருந்தவன் எட்டு மாதத்தில் இரண்டு! அதுவும் ஒரே பக்கம்! பணிமனைக்காரனோடு சேர்ந்து கணக்காகக் கீறிக் கொடுக்கிறான், அதன் விவரத்தை என் வீட்டில், என் கணினியில், 'ஊ' சத்தத்துக்குள் ஒளித்து வைக்கிறான். என் அடிமடியிலேயே கை வைத்திருக்கிறான்.

உடன் வேலை பார்க்கும் சர்வேயரிடம், "அந்தப் பள்ளி வண்டி விஷயத்துல மோசடி வாடை அடிக்குது. ரெண்டு நாள்ல சொல்றேன்" என்றார். மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மைத்துனியின் முகம் நினைவுக்கு வந்தபோது மட்டும் பேனாவைக் கீழே வைத்தார். இருந்தாலும் அரைப் பக்கம் அறிக்கை எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுப் பதினொன்றரைக்கு வீடு திரும்பினார். தெருமுனையில் மஞ்சள் பேருந்து நின்றிருந்தது. சுற்றி வந்தார். பட்டப்பகலில் டார்ச்சை எடுத்தார். வலப்பக்கம், பின்சக்கரத்துக்கு மேலே, இன்னொரு கீறல். தூசி படியாத கீறல். நான்கு நாள் இருக்கும். இதற்குக் கோரிக்கை இன்னும் வரவில்லை. மூன்று. மூன்றும் வலப்பக்கம். கையும் களவுமாகப் பிடிக்க இதைவிட என்ன வேண்டும்?

மனைவி தையல்காரியிடம் போயிருந்தாள். தன் சாவியால் கதவைத் திறந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முன் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

சகலை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஹெட்போன் மாட்டியிருந்தார். இடது காதில் குமிழுக்கு அடியிலிருந்து பஞ்சு பிதுங்கிக்கொண்டு தெரிந்தது. கண் மூடியிருந்தது. வலது கையைப் பரீட்சை எழுதுகிறவர் மாதிரி மேசைமேல் நீட்டி, ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கினார். இறக்கினார். தூக்கினார். இறக்கினார்.

ஃபேன் ஓடவில்லை. வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் ஹெட்போனின் வலது குமிழிலிருந்து 'கீ' என்று ஒரு சத்தம் கசிந்து வந்து சர்வேயர் காதில் விழுந்தது. நாலடி தள்ளி, வாசற்படியில் நிற்கிற அவருக்கே கேட்டது. ஹெட்போனை மாட்டியிருந்தவரின் விரல் எழவில்லை. சத்தம் மறுபடி வந்தது. விரல் எழவில்லை.

சர்வேயர் செருப்பைக் கையில் பிடித்தபடியே நின்றார். வாழ்நாளெல்லாம் தடயங்களைக் கோத்துக் கதை கட்டிய மனிதர். இப்போது கட்டிய கதை அவர் கண்ணெதிரே இழை இழையாகப் பிரிந்து வேறொன்றாகக் கோத்துக்கொண்டது. இ என்றால் இடது. வ என்றால் வலது. ஐந்நூறு, ஆயிரம் என்பதெல்லாம் சத்தத்தின் சுருதி. எத்தனையாவது சத்தம்வரை கேட்டது என்பதுதான் அந்த எண்கள். பதினொன்று, பன்னிரண்டு, பதினொன்று. நான்கு, நான்கு, மூன்று. வலது பக்கம் இடித்த மெட்டும் இதனால்தான். அந்த மனிதருக்கு அதுதான் இரண்டு பக்கமும் சமமாகக் கேட்டிருக்கிறது.

அவர் சுற்றிக்கொண்டு எதிரே போய் நின்றார். சகலை கண்ணைத் திறந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் மோதியது. ஹெட்போனைப் பிடுங்கினார்; திரையை அணைக்கப் போய்த் தப்பான பொத்தானை அழுத்தினார்.

"என்னண்ணே... இந்த நேரத்துல..."

சர்வேயர் மூன்று நாட்களாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. அது வரவில்லை.

"எத்தனை மாசமா?" என்றார்.

சகலை பஞ்சை எடுத்து விரலுக்கிடையில் உருட்டினார். "எட்டு."

"எப்படி?"

"ஒரு நாள் காலையில எழுந்தேன். வலது காதுக்குள்ள வண்டு புகுந்த மாதிரி ங்னு ஒரு இரைச்சல். அதைத் தவிர எதுவும் கேக்கல. ரெண்டு நாள்ல சரியாயிடும்னு விட்டேன். அப்புறம் ரெண்டு வாரம்னு விட்டேன்."

"டாக்டர்கிட்ட போக என்ன கேடு?"

"போனா எழுதிக் குடுப்பார். எழுதினா ஸ்கூலுக்குப் போகும். லைசென்ஸ் புதுப்பிக்க இன்னும் மூணு மாசம் இருக்குண்ணே. அதுக்குள்ள கூடுதா குறையுதான்னு நானே பார்த்துக்கலாம்னு நினைச்சேன். இதுல சத்தத்தை ஒரு படி ஒரு படியா குறைச்சுக்கிட்டே போற வசதி இருக்கு. அதை வெச்சு நானே ஒரு பரீட்சை மாதிரி..."

"உன் வீட்ல பண்றதுக்கென்ன?"

"அவ கண்டுபிடிச்சிடுவா. ஒரே அறை. பக்கத்து வீட்டு டிவி வேற. இங்க பகல்ல சத்தமே இல்ல. அண்ணியும் எதுவும் கேக்க மாட்டாங்க." சகலை அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க கேப்பீங்கன்னு தெரியும். அதான் நீங்க இல்லாதப்ப வந்தேன்."

சர்வேயர் மேசை விளிம்பில் உட்கார்ந்தார். எத்தனை கேள்வி கேட்டிருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தார். மனைவியிடம், அலுவலகப் பெண்ணிடம், கோப்புகளிடம். இந்த மனிதனிடம் "உடம்பு எப்படி இருக்கு" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சகலை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டே முக்காலுக்கு வண்டி எடுக்கணும். நான் கிளம்பறேன். தயவுசெஞ்சு அவகிட்ட மட்டும்..."

"வண்டி எடுக்காதே."

"அண்ணே, நான் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டறேன். முன்னைவிட மெதுவா..."

"மூணு அடி. மூணும் வலப்பக்கம். உனக்கு வலப்பக்கம் ஹாரன் கேக்கல, வர்றவனுக்கு நீ ஒதுங்கல. இதுவரைக்கும் பெயின்டும் கண்ணாடியும்தான் போயிருக்கு. வண்டியில எத்தனை பிள்ளைங்க?"

சகலை பஞ்சைக் கீழே வைத்தார். "முப்பத்திரண்டு."

"போனை எடு."

பள்ளியில் வண்டிகளைக் கவனிக்கும் மேலாளரின் எண்ணைத் தேடியபடி சகலை, "ஜுரம்னு சொல்லிடறேன்" என்றார்.

"ஜுரம்னு சொன்னா நாளைக்கு இறங்கிடும். உள்ளதைச் சொல்லு."

சகலை போனை இடது காதில் வைத்தார். "சார், எனக்குக் காது சரியில்ல. வலது காது. இன்னிக்கு ட்ரிப்புக்கு வேற ஆளை அனுப்புங்க. சாவி கொண்டு வந்து தர்றேன்." அவ்வளவுதான். எட்டு மாதம் சுமந்ததை இறக்கிவைக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. போனை வைத்ததும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். சர்வேயருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரையும் தேற்றிப் பழக்கமில்லாதவர். ஃபேனைப் போட்டுவிட்டார்.

அன்று மாலையே தன் காரில் காது டாக்டரிடம் அழைத்துப் போனார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார்கள். டாக்டர் வெளியே வந்து, இடது காது நன்றாக இருக்கிறது, வலது காதின் நரம்பு அடிபட்டிருக்கிறது, முன்போல் திரும்பாது என்றார். "இப்படித் திடீர்னு போனா, முதல் வாரத்துலயே வரணும். அப்பவே வந்திருந்தா மருந்துக்குக் கொஞ்சம் வழி இருந்திருக்கும்." வீட்டில் தானே போட்ட பரீட்சையைப் பற்றிச் சகலை தயங்கித் தயங்கிச் சொன்னபோது டாக்டர் சிரிக்கவில்லை. "அது காது குறைஞ்சிருக்குன்னு காட்டும். ஏன்னு காட்டாது" என்றார்.

திரும்பும்போது சகலை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். சர்வேயர் இரண்டு முறை ஏதோ சொல்லி, பதில் வராமல், பிறகுதான் ஓரமாக நிறுத்திவிட்டு அவர் முகம் திரும்பும்வரை காத்திருந்தார்.

"நான் உன்னைத் திருடன்னு நினைச்சேன்" என்றார்.

"தெரியும்ணே. ஹெட்போன்ல இருந்த சாக்பீஸ் கையெல்லாம் ஒட்டுச்சு."

மனைவியிடம் விவரம் சொன்னபோது அவள் அதிர்ந்து போகவில்லை. "காதுன்னு தெரியாது. ஆனா டீயை வலது பக்கமா கொண்டுபோய் வெச்சா தூக்கிவாரிப் போடும் அவருக்கு. அதனால சுத்திப் போய் இடது பக்கம் வைப்பேன்" என்றாள்.

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீங்க டீயில என்ன கலந்தேன்னு கேட்டிருப்பீங்க."

பைக்குள் இருந்த அரைப் பக்கத்தை அவர் கிழித்துப் போட்டார். "மோசடின்னு சொன்னீங்களே?" என்று அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவர் கேட்டதற்கு, "இல்ல, அடி உண்மைதான். நான்தான் தப்பாப் பார்த்துட்டேன்" என்றார். டார்ச் அப்படிச் சொல்லி அவர்கள் யாரும் கேட்டதில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதைப் பற்றியே பேசிக்கொண்டார்கள்.

பள்ளியில் சகலையை வேலையைவிட்டு எடுக்கவில்லை. எட்டு மாதம் மறைத்ததற்கு மேலாளர் கண்டபடி திட்டினார். பிறகு வண்டிக் கொட்டகையில் போட்டார்கள். காலையில் எல்லா வண்டிகளின் பிரேக்கும் காற்றும் பார்த்து அனுப்புகிற வேலை. வலது காதுக்குக் கருவி வாங்கினார். அதில் தட்டு விழுந்தால் இடி விழுந்த மாதிரி இருக்கிறது என்று பாதி நாள் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். மஞ்சள் வண்டி தன் பழைய நிறுத்தங்களுக்கு வேறு ஒருவர் கையில் போவதைப் பார்க்கப் பிடிக்காமல், அது கிளம்பும் நேரத்தில் கொட்டகையின் பின்பக்கம் போய்விடுவாராம்.

மெட்டு வேலை நிற்கவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் வந்தார், கதவைத் திறந்தே வைத்திருந்தார். ஒலியின் அளவைக் காதால் பார்க்காமல் திரையில் ஏறி இறங்கும் பச்சைக் கம்பிகளைப் பார்த்து வைத்தார். இடம் வலம் சரிபார்ப்பது சர்வேயரின் மனைவி. அவளுக்குச் சங்கீதம் தெரியாது. "இந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்பாள், சரியாக இருக்கும். இரண்டு மாதத்தில் மூன்று மெட்டுகள் முடிந்தன.

மைத்துனிக்குத்தான் ஆறவில்லை. புருஷன் காது போனதைவிட, தனக்குத் தெரியாமல் போனது அவளைச் சுட்டது. அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். உனக்குத் தெரிஞ்சிருக்கு, டீயைச் சுத்திக் கொண்டுபோய் வெச்சிருக்கே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லல என்று சண்டை. ஒரு நாள் சர்வேயரின் அலுவலகத்துக்கே போன் செய்தாள்.

"அத்தான், நீங்க இந்த மாதிரி விஷயமெல்லாம் கண்டுபிடிக்கறவர். உண்மையைச் சொல்லுங்க. வேற ஏதாவது மறைக்கிறாரா?"

சர்வேயர் பதில் சொல்ல வாயெடுத்தார். இப்படி யாராவது கேட்டால் அவருக்கு எப்போதும் இரண்டு மூன்று பதில்கள் தயாராக இருக்கும். அன்றைக்கும் ஒன்று இருந்தது. போன வாரம் சகலை எதையோ சொல்லவந்து நிறுத்தியது நினைவில் இருந்தது. அதை விழுங்கிக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதும்மா. அவனையே கேளு."

"கேட்டா சொல்வாரா?"

"கேட்டுப் பாரு. எதிர்ல உட்கார்ந்து கேளு."

அவள் அரை மனதாகப் போனை வைத்தாள். கேட்டாளா, அவர் என்ன சொன்னார் என்று சர்வேயருக்குத் தெரியவில்லை; விசாரிக்கவும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து சாப்பிட வந்தார்கள். மைத்துனி அக்காவோடு பேசாமலே சமையலறைக்குள் போய், தட்டுகளை எடுத்து வைத்தாள். சகலைக்கு இடது பக்கத்து நாற்காலியை யாரும் எடுப்பதற்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அவளே உட்கார்ந்தாள்.